ஏற்காட்டில் போட்ட பிடி, சேலத்தில் விட்ட விரிசல்: ஒரு சமையல் கத்தியின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த கத்தியின் அலகு 165 மி.மீ. நீளம். பிடியை ஒட்டிய இடத்தில் அகலம் 42 மி.மீ., முதுகின் கனம் 3 மி.மீ. பிடி 115 மி.மீ. நீளம், 28 மி.மீ. அகலம். அலகின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் போகும் இரும்பு வால் பிடியின் கடைசி வரை ஓடுகிறது. அதன் இரு பக்கமும் காப்பிக் கட்டையில் அறுத்த பலகைகளை ஒட்டி, மூன்று பித்தளை ஆணி அடித்திருக்கிறது. ஏற்காட்டில் ஒரு வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் செய்தது. டிசம்பரில் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டு அடுக்களைக்குப் போனது. ஏப்ரல் கடைசியில் அந்த வீட்டம்மா போனில் சொன்னது ஒரே வரி: "கத்தி நல்லா வெட்டுதுங்க, பிடிதான் கையைக் கீறுது."

திரும்ப வாங்கிப் பார்த்ததில் மூன்று குறை தெரிந்தது. முதலாவது, பிடியின் மேலும் கீழும் இரும்பு வால் மரத்தைத் தாண்டி வெளியே நின்றது. நகத்தை ஓட்டினால் தட்டியது; வெர்னியர் அளவுகோலில் ஒவ்வொரு பக்கமும் 0.3 மி.மீ. இரண்டாவது, வலப்பலகையில் முன்னாணிகள் இரண்டுக்கும் நடுவில் கிளம்பிய விரிசல் பலகையின் முன் முனை வரை போயிருந்தது. மூன்றாவது, இடப்பலகையின் முன்பக்கம் இரும்பை விட்டு எழும்பியிருந்தது; ஒரு தாளைச் செருகினால் 12 மி.மீ. உள்ளே போனது. அலகில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. புளியும் மாங்காயும் பட்டுக் கருத்திருந்தது, அவ்வளவே. கார்பன் இரும்பு அப்படித்தான் கருக்கும். துருவோடு அதைச் சேர்க்கக் கூடாது.

செய்தவர்களின் கவனம் முழுக்க இரும்பில் இருந்திருக்கிறது. அங்கேயும் தவறுகள் நடந்தன. ஆனால் இரும்பில் செய்த தவறு அன்றைக்கே அரத்தின் கீழ் தெரிந்துவிடுகிறது. மரத்தில் செய்த தவறு நாலைந்து மாதம் கழித்து, வேறு ஊரில், வேறொருவர் கையில் தெரிகிறது. இந்தக் கத்தியில் நடந்தது அதுதான்.

இரும்பும் உலையும்

சேலத்துக்காரர் கத்தி செய்யக் கிளம்பினால் முதலில் கை போவது ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு. சேலம் உருக்காலை 1981 முதல் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டி வருவதால் ஊரில் துண்டுத் தகட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாத்திரத்துக்குப் போகும் 304 ரகம் எவ்வளவு காய்ச்சி எண்ணெயில் முக்கித் தோய்த்தாலும் இறுகாது. அந்த நிக்கல்-குரோமியக் கலவையின் இயல்பு அது. கத்தி வடிவம் வரும், கூர் நிற்காது. பட்டறைக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஈஎன் 8 ரக இரும்புப் பட்டையில் கார்பன் 0.4 சதவீதம்தான். மண்வெட்டிக்கு அது போதும், காய் நறுக்கும் கத்திக்குப் போதாது.

இந்தக் கத்திக்கு எடுத்தது ஒரு சரக்கு ஆட்டோவின் பழைய பட்டை ஸ்பிரிங், 7 மி.மீ. கனம். இந்த வகைப் பட்டைகளில் பரவலாகப் பயன்படும் ஈஎன் 45 ரகத்தில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம், சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம் இருக்கும். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் இருக்கலாம். சோதிப்பது எளிது: துரு நீக்கி, ஒரு மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவிவிட வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். நடு போல்ட் துளையைச் சுற்றி இரண்டு அங்குலம் எப்படியும் கழிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

உலை அடுப்புக்கரியில், சிறிய புளோயர் வைத்து. சேலம் மேக்னசைட் தாது கிடைக்கும் ஊர் என்பதால் பழைய மேக்னசைட் செங்கல் எங்காவது கிடைக்கும், அதையே உலைக்கு அடுக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். அது உருக்குச் சூளையின் அரிப்பைத் தாங்கச் செய்த கனமான செங்கல். சூட்டை வெளியே கடத்திவிடும். திடீரென்று சூடேறி ஆறினால் வெடிக்கும். சிறு உலைக்குக் கையில் எடுத்தால் லேசாக இருக்கும் வெள்ளை இன்சுலேஷன் செங்கல்தான் சரி. இன்னொன்று, குளிருக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு கரி உலை மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

7 மி.மீ. பட்டையை ஆரஞ்சு நிறத்தில் அடித்து 4.5 மி.மீ. ஆக்கி, மறுபடி காய்ச்சிச் சாம்பலில் இரவு முழுக்கப் புதைத்து மென்மையாக்கி, ஆங்கிள் கிரைண்டரும் 12 அங்குலத் தட்டை அரமும் கொண்டு வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாலில் ஆணித் துளைகளை இந்தக் கட்டத்திலேயே போட்டுவிட வேண்டும். தோய்ச்சலுக்கு முன் வெட்டும் விளிம்பில் 1.3 மி.மீ. கனம் விட்டிருந்தது சரியான முடிவு. அதைவிட மெல்லியதாக்கினால் தோய்க்கும்போது விளிம்பு அலையலையாக நெளியும்.

தோய்ச்சலில் நடந்தது

கத்தி செய்யத் தொடங்குபவர் எல்லோருக்கும் சொல்லப்படும் விதி: காந்தம் ஒட்டாத சூட்டில் எண்ணெயில் இறக்கு. இரும்பு காந்தத்தன்மையை இழப்பது சுமார் 770 டிகிரியில். வெறும் கார்பன் இரும்புக்கு அதற்கு மேல் கொஞ்சம் போனாலே ஒப்பேறிவிடும். சிலிக்கான் கலந்த ஸ்பிரிங் பட்டைக்கு அது போதாது. இரும்பு இறுகுவதற்கு வேண்டிய உள்மாற்றம் நடக்கும் சூட்டைச் சிலிக்கான் மேலே தள்ளிவிடுகிறது. 850 முதல் 880 டிகிரி வரை வேண்டும். முதல் முறை காந்தம் விட்டதுமே இறக்கினார்கள். அரம் போட்டதும் இரும்பு சுலபமாக மழிந்து வந்தது.

இங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. கரி உலையில் காயும்போது மேல்தோல் கார்பனை இழக்கும். சிலிக்கான் இரும்பில் அது இன்னும் அதிகம். தோல் மட்டும் மென்மையாக இருந்து உள்ளே இறுகியிருக்கலாம். ஆகவே ஒரே இடத்தில் 0.2 மி.மீ. ஆழம் அரத்தால் தோண்டிப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள், உள்ளேயும் அரம் பிடித்தது. சூடு போதவில்லை என்பது உறுதி.

மறுபடி மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு இரும்பின் உள்மணியை (நுண்ணிய படிகங்களை) சீராக்கிய பிறகு, கொட்டகையை இருட்டாக்கி, காந்தம் விட்ட சிவப்பைத் தாண்டி ஆரஞ்சு கலந்த சிவப்புக்கு ஏற்றி, மூன்று நாலு நிமிடம் அதே நிறத்தில் பிடித்து இறக்கினார்கள். பகல் வெளிச்சத்தில் இந்த நிற வித்தியாசம் தெரியாது, அதனால்தான் இருட்டு. எண்ணெய் கடலை எண்ணெய், 5 லிட்டர், 55 டிகிரிக்குச் சூடாக்கியது. தேங்காய் எண்ணெய் மலையில் சரிப்படாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கிடக்கும். வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலைப் பலர் எடுப்பார்கள். அதன் புகை கெட்டது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அலகை முனை கீழாக நேரே இறக்கி மேலும் கீழுமாக மட்டும் ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு புறம் முந்திக் குளிர்ந்து வளையும். வாலை முக்காமல் விட்டார்கள். அந்த முடிவு பின்னால் ரொம்ப உதவியது.

இந்த முறை தோலைத் தாண்டியதும் அரம் வழுக்கியது. ஆனால் அலகு நடுவில் 1.5 மி.மீ. வளைந்திருந்தது. இறுகிய அலகைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தப் போனால் கண்ணாடிபோல் ஒடியும். பதம் இறக்கும்போதுதான், அதாவது மிதமான சூட்டில் வைத்து அந்த ஒடியும் தன்மையைக் குறைக்கும்போதுதான், நிமிர்த்த முடியும். முதல் சுற்று 210 டிகிரியில் இரண்டு மணி நேரம் சும்மா வைத்தார்கள். இரண்டாம் சுற்றில் ஒரு தடித்த நேர்ப்பட்டையோடு அலகைச் சேர்த்து, வளைவின் உச்சி பட்டையைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி திருப்பி, இரு முனைகளின் அடியில் 3 மி.மீ. தகடு வைத்து, நடுவில் கிளாம்ப் போட்டு எதிர்ப்புறம் வளையும் வரை இறுக்கி, அதே சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்ததில் நேராகிவிட்டது. அடுப்பு வீட்டில் கேக் சுடும் சாதாரண ஓடிஜி மின்அடுப்பு. முள்ளை 210-இல் வைத்தாலும் உள்ளே இருபது டிகிரி ஏறி இறங்கும். ஒரு தட்டில் மணல் பரப்பி அதற்குள் அலகைப் புதைத்தால் இந்த ஏற்ற இறக்கம் அலகைத் தொடாது. தனி வெப்பமானி ஒன்று மணலில் குத்தியிருக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வந்தால் சரி. நீலம் வந்தால் சமையல் கத்திக்கு அளவு மீறிவிட்டது.

பிறகு விளிம்பை 0.4 மி.மீ. வரை தேய்த்து, பக்கத்துக்கு 15 டிகிரியில் சாணை பிடித்தார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தாக வேண்டும். 6 மி.மீ. பித்தளைக் கம்பியில் விளிம்பைச் சாய்த்து அழுத்தி இழுத்தபோது விளிம்பு வளைந்து திரும்பியது. உதிரவும் இல்லை, மடங்கியே நிற்கவும் இல்லை. இரும்பின் பரீட்சை அதோடு முடிந்தது.

மரத்தை யாரும் சோதிக்கவில்லை

சேர்வராயன் மலையில் பிடிக்கு மரம் என்றால் முதலில் கண்ணில் படுவது சில்வர் ஓக். மிளகுக் கொடியைத் தாங்கி எஸ்டேட் முழுக்க நிற்கிறது. அறுத்தால் சரிகை மாதிரி கோடு ஓடும், பார்க்க அழகு. ஆனால் மென்மை, பிடிக்கு ஆகாது. ஈட்டி மரம் பிடிக்கு மிக உயர்ந்தது. அது நெடுங்காலம் தனிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்த மரம், சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் கோடாலி வைக்க முடியாமல் இருந்தது. பழைய கட்டில் கால், உடைந்த நாற்காலி என்று கிடைத்தால்தான் உண்டு. பூவரசும் கொய்யாவும் கீழ்நாட்டில் கிடைக்கும் நல்ல தேர்வு. இந்தக் கத்திக்கு எடுத்தது காப்பி. வயதான அராபிகா செடிகளைப் பிடுங்கிய இடத்தில் கிடந்த அடிக்கட்டை, 90 மி.மீ. விட்டம். கெட்டியான, நெருங்கிய இழையுள்ள வெளிர் மரம். தேர்வில் தவறில்லை. அறுத்த விதத்திலும் அறுத்த காலத்திலும்தான் தவறு.

மழைக் காலத்தில் பிடுங்கிய கட்டையை அறுத்து, கொட்டகைப் பரணில் சில வாரம் போட்டு, தொட்டால் காய்ந்த மாதிரி இருந்ததும் ஒட்டிவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஒன்றை பாலித்தீன் கவரில் இறுகக் கட்டி வைத்திருந்தது ஆய்வுக்கு நல்லதாகப் போயிற்று. பூஞ்சை பிடித்திருந்தாலும் அன்றைய ஈரம் அதில் அப்படியே இருந்தது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் வைத்திருக்கும் 0.01 கிராம் தராசு இதற்குப் போதும். துண்டின் எடை 24.60 கிராம். ஓடிஜியில் 103 டிகிரி சுற்றில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை காயவிட்டபோது 20.90 கிராம். போன தண்ணீர் 3.70 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 17.7 சதவீத ஈரம். அம்மாப்பேட்டையிலிருந்து வந்த பிடியில் பெயர்த்த துண்டு 11.42 கிராமிலிருந்து 10.50-க்கு இறங்கியது: 8.8 சதவீதம்.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ற ஈரத்தில்தான் நிற்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பனிமூட்டம் இறங்கிய நவம்பரில் அங்கே எத்தனை வாரம் பரணில் போட்டாலும் மரம் 17, 18-ஐ விட்டுக் கீழே வராது. சேலத்துச் சித்திரை வெயிலில் அதே மரம் 9-க்கு வந்துவிடும். கெட்டி மரங்கள் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலத்தில் சுமார் 0.2 முதல் 0.35 சதவீதம் சுருங்கும். நீளவாக்கில் கணக்கிலேயே எடுக்க வேண்டாத அளவு. இங்கே ஈரம் 8.9 குறைந்திருக்கிறது, பிடி அகலம் 28 மி.மீ. குறைந்தபட்சக் கணக்கில் 0.5, அதிகபட்சம் 0.87 மி.மீ. சுருங்க வேண்டும். அளந்தது இரு பக்கமும் சேர்த்து 0.6. இரும்பு வால் வளரவில்லை, மரம்தான் உள்ளே போயிருக்கிறது.

விரிசலுக்கும் இதே சுருக்கம்தான் மூலம், ஆனால் அதற்கு வழி அமைத்துக் கொடுத்தது ஆணி போட்ட விதம். அழகுக்காக முன்பக்கம் இரண்டு ஆணியை ஒன்றன்மேல் ஒன்றாக, 14 மி.மீ. இடைவெளியில் அடித்திருந்தார்கள். அந்த 14 மி.மீ. மரம் 0.3 மி.மீ. குறுகப் பார்க்கிறது, ஆணி இரண்டும் வாலில் உள்ள துளையில் இறுகி நின்று விட மறுக்கின்றன. நடுவில் இழை பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. போதாததற்கு வலப்பலகையில் கட்டையின் நடுக்குருத்து ஓடியது, மரத்திலேயே பலவீனமான கோடு அது. ஆணிகளை பிடியின் நீளவாக்கில் ஒரே கோட்டில் வைத்திருந்தால் மரம் அவற்றின் இரு பக்கமும் தாராளமாகச் சுருங்கியிருக்கும்.

இடப்பலகை எழும்பியதற்குப் பசையைக் குறை சொல்ல முடியாது. 24 மணி நேர அரால்டைட் நல்ல பசைதான். வாலை எமரித் தாள் போட்டுக் கண்ணாடியாக்கிவிட்டு ஒட்டியிருந்தார்கள். பசை பற்ற இடமில்லை. கிளாம்பை வலுவாக இறுக்கியதில் இருந்த பசையும் பிதுங்கி வெளியே போனது. பெயர்த்துப் பார்த்தபோது முன்பக்கத்தில் பசை ஒரு மெல்லிய படலமாக மட்டும் மரத்தோடு வந்தது. இரும்பில் அதன் அடையாளமே இல்லை. மலை இரவின் குளிரில் பசை இறுக மெதுவாகும். மறுநாளே கிளாம்பை எடுத்து, பித்தளை ஆணித் தலைகளை பெல்ட்டில் தேய்த்திருக்கிறார்கள். தொட முடியாத அளவு சூடான ஆணி, அரைகுறையாக இறுகிய பசையைச் சுற்றிலும் இளக்கிவிட்டது.

மறுபடி போட்ட பிடி

ஆணித் தலைகளை 5 மி.மீ. பிட்டால் துளைத்து, ஹாட் ஏர் கன்னால் சூடேற்றிப் பலகைகளைப் பெயர்த்தார்கள். அந்த நேரம் அலகை ஈரத்துணியால் சுற்றியிருந்தது, பதம் கெட்டுவிடக் கூடாதல்லவா. வால் தோய்ச்சல் வாங்காமல் மென்மையாக இருந்ததால் புதுத் துளை போட முடிந்தது. பழைய இரு துளைகளுக்கு நடுவே போட்டால் 1.5 மி.மீ. இரும்புதான் மிஞ்சும் என்பதால் 10 மி.மீ. பின்தள்ளி நடுக்கோட்டில் போட்டார்கள். பழைய துளைகளை அடைக்கவில்லை. பசை அவற்றில் புகுந்து இரு பலகையையும் இணைத்துக்கொள்ளட்டும் என்று விட்டது சரியான யோசனை.

மரம் அதே காப்பிதான். இம்முறை கட்டையை நடுவில் பிளந்து, குருத்தை ஒட்டிய 10 மி.மீ.யைக் கழித்துவிட்டு, 13 மி.மீ. பலகைகளாக அறுத்து, இரு முனைகளிலும் பெயின்ட் பூசினார்கள். முனை வழியே ஈரம் வேகமாகப் போகும், பூசாவிட்டால் அங்கேதான் முதலில் வெடிக்கும். பிறகு ஒரு பிளைவுட் பெட்டி, உள்ளே 40 வாட் குண்டு பல்பு, மேலும் கீழும் சிறு துளைகள். வெளியே 20 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் என்றாலும், அதே காற்று பெட்டிக்குள் 32 டிகிரிக்கு ஏறினால் ஈரப்பதம் 45-க்கு வந்துவிடும். அந்தக் காற்றில் மரம் 8, 9 சதவீதத்தில் நிற்கும். பச்சைக் கட்டையை நேரே பெட்டியில் வைக்கக் கூடாது, வெடிக்கும். பரணில் காய்ந்து 18-க்கு வந்த பிறகு வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்து, தொடர்ந்து இரு வாரம் மாறாமல் நின்றதும் எடுத்தார்கள். சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் கோடையில் அவர்கள் பரணில் போட்டு வைப்பது இதைவிடச் சுலபம்.

இலக்கு 9 முதல் 10 சதவீதம். சேலத்திலும் மழைக் காலத்தில் மரம் ஈரம் ஏறிக் கொஞ்சம் பருக்கும். வால் மரத்துக்குள் ஒரு மயிரிழை பதியும். அதைக் கை உணராது. இரும்பு துருத்தினால்தான் கை தாங்காது. ஆகவே வறண்ட பக்கம் சாய்ந்து வைப்பதே நல்லது.

வாலின் இரு முகத்தையும் 60 நம்பர் எமரியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அசிட்டோனால் துடைத்து, நடுவில் நாலைந்து 4 மி.மீ. துளையும் போட்டுக்கொண்டார்கள். மரத்தில் துளை 5.1 மி.மீ., வாலில் 5.5, ஆணி 5. இரண்டே ஆணி, 66 மி.மீ. இடைவெளி, ஒரே கோடு. அடித்து விரிக்காமல் பசையிலேயே நிறுத்தியது. விரித்த ஆணி காய்ந்த கெட்டி மரத்தைப் பிளக்கும். கிளாம்ப் பசை லேசாகக் கசியும் அளவு மட்டும். அதே பல்புப் பெட்டியில் 30 டிகிரியில் 24 மணி நேரம், அதன் பிறகு இரண்டு நாள் சும்மா. ஆணித் தலையை அரத்தால் மட்டும் எடுத்தார்கள்.

பலகையை ஒட்டுவதற்கு முன்பே அதன் முன் முகத்தை 600 எமரி வரை தேய்த்து முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே கை போட்டால் அலகில் கீறல் விழும். மேலே காய்ச்சிய ஆளி விதை எண்ணெய், மெல்லியதாக நாலு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது, பிசுபிசுக்கும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுத்தான் குப்பையில் சேர்க்க வேண்டும். இந்த எண்ணெய் ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. பூச்சை நம்பி ஈர மரத்தை ஒட்டுபவர்களுக்கு இதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த கோடையில் அம்மாப்பேட்டையில் போய் அளந்தபோது விரிசல் இல்லை, தாள் எங்கும் நுழையவில்லை. பிடியின் அடிப்பக்கம் மட்டும் இரும்பு 0.1 மி.மீ.க்கும் குறைவாக வெளியே தெரிந்தது. 400 எமரியை மரத்துண்டில் சுற்றி நாலு இழுப்பு இழுத்து, எண்ணெய் ஒரு பூச்சு கொடுத்ததில் மட்டமானது. வீட்டம்மாவின் புதுக் கேள்வி, கத்தியை ராத்திரி சிங்க்கில் போட்டு வைக்கலாமா என்பது. கூடாது. எட்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் பலகையின் முனை வழியே ஈரம் ஏறும், ஆணித் துளையில் பித்தளை ஒட்டிய இடத்தில் இரும்பு முந்தித் துருப்பிடிக்கும். கழுவி, துடைத்து, முதுகு கீழாக வைத்தால் போதும்.